முகாமுக்கு மறுநாள்

வணக்கம்.

எங்கள் மகளிர் குழுக் கூட்டமைப்பும் பக்கத்துக் கல்லூரியின் சமூகப்பணித் துறையும் சேர்ந்து கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஒருநாள் முகாம் நடத்தப் போகிறோம். வினிகர் சோதனைதான்: கருப்பைவாயில் வினிகர் அமிலக் கரைசலைத் தடவி, வெள்ளை ஏறுகிறதா என்று கண்ணால் பார்ப்பது. அதையே ஆய்வாகவும் எழுதலாம் என்கிறார்கள் கல்லூரியில். போன வருடம் வேறோர் அமைப்பு நடத்திய முகாமில் ஆறேழு பேருக்குப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். யார் போனார்கள், யார் போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் முன்பு பெரிய ஆய்வு நடந்ததாமே, அதில் எப்படிச் செய்தார்கள்?

செல்வி, ஒட்டன்சத்திரம்

அன்புள்ள செல்வி,

அது நடந்தது உங்களுக்குப் பக்கத்திலேயே, அம்பிளிக்கையில். அங்குள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சின் லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மூன்றும் சேர்ந்து செய்தார்கள். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, 57-ல் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குச் சோதனை செய்தார்கள். மற்ற 57-ல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். அந்தப் பெண்களை அப்படி விட்டது சரியா என்று பின்னால் கேள்வி எழுந்தது. எழுந்தது நியாயம்தான்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு ஓர் எண். 2000 முதல் 2003 வரை சோதிக்கப்பட்டவர்கள் 31,343 பேர். வெள்ளை தென்பட்டவர்கள் 3,088. அவர்களில் 3,052 பேருக்கு அடுத்த கட்டமான கால்போஸ்கோப்பி, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது, முடிந்துவிட்டது. நழுவியவர்கள் 36 பேர்தான். காரணம், சீட்டு எழுதி அனுப்பவில்லை. சோதித்த நர்ஸே அதே வருகையில் கால்போஸ்கோப்பி பார்த்து, தேவையானால் பரிசோதனைக்குத் திசுத் துணுக்கு எடுத்து, தகுந்தவர்களுக்கு உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையும் கொடுத்தார். இவ்வளவு இருந்தும், புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம்தான். சீட்டை நம்பி நடத்தும் முகாமில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2006 வரை கவனித்ததில் சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. இதைச் சொல்ல முடிந்தது அந்த வட்டாரத்துக்கென்று ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருந்ததால். ஒருநாள் முகாமை வைத்துக்கொண்டு ‘இறப்பைக் குறைத்தோம்’ என்று கல்லூரி எழுத முடியாது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள், விட்டவர்கள் ஏன் விட்டார்கள் என்று எழுதினால் அது உண்மையான ஆய்வு. அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முகாமுக்கு முன்பே வாங்க வேண்டும்.

சோதனை எளிதுதான், கெடுவதும் எளிது. 4 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தோடு (வினிகரில் உள்ள அமிலத்தின் செறிந்த வடிவம்) 96 மில்லி வடித்த நீர். அன்றன்று கலக்க வேண்டும். நேற்றைய கரைசல் வீரியம் குறைந்திருக்கலாம்; அப்போது வெள்ளை சரியாக ஏறாது, மாற்றம் உள்ளவர்களும் ‘நார்மல்’ ஆகிவிடுவார்கள். தடவியபின் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருங்கள். வரிசை நீண்டால் முதலில் காணாமல் போவது இந்த ஒரு நிமிடம்தான். விளிம்பு தெளிவாக, சுண்ணாம்பு பூசினாற்போல் அடர்த்தியாக, இரண்டு தோல்வகையும் சேரும் கோட்டை ஒட்டித் தெரிந்தால்தான் பாசிட்டிவ். மங்கலாகப் பரவிய வெள்ளை புண், அழற்சியாலும் வரும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. வெள்ளை ஒளி தரும் ஃபோகஸ் லைட் கேளுங்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்தக் கோடு உள்ளே போய்விடும், இந்தச் சோதனை நம்பகமல்ல. 30 முதல் 49 வயதுக்காரர்களை அழையுங்கள். ஸ்பெகுலம் (உள்ளே பார்க்க விரித்துப் பிடிக்கும் கருவி) எத்தனை இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் டோக்கன்.

கிரையோ செய்வதென்றால் 3 நிமிடம் உறைவு, 5 நிமிடம் இடைவெளி, மறுபடி 3 நிமிடம். உறைய வைக்கும் வாயு சிலிண்டரில் அழுத்தம் இறங்கியிருந்தால் பனிக்கட்டி முழுதாகப் படியாது, அந்தப் பெண்ணோ சரியாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போய்விடுவார். சிலிண்டரே வேண்டாத சூட்டு முறைக் கருவியும் இப்போது உண்டு. எதுவானாலும் மூன்று நான்கு வாரம் நீர் போல வெளியேறும், அதுவரை உறவு கூடாது என்பதைச் சொல்லியே அனுப்புங்கள். சொல்லாவிட்டால் ‘கர்ப்பப்பையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற பேச்சு ஊரைச் சுற்றிவரும், அடுத்த முகாமுக்கு ஆள் வராது.

உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் வினிகரைவிட, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் டிஎன்ஏ சோதனையையே முதலில் வைக்கச் சொல்கிறது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சத்தால் வராதவர்களும் வருவார்கள். கல்லூரியிடம் பணம் இருந்தால் அதற்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். ஆனால் முடிவு பிறகுதான் வரும் என்பதால், தேடிப்போகும் வேலை இன்னும் கூடும்.

ஆகவே முகாம் தேதியைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். எந்த மருத்துவமனையில் எந்தக் கிழமை கால்போஸ்கோப்பி, பஸ் செலவு யாருடையது, குழுவிலிருந்து கூடப் போவது யார் என்பதை முதலில் பேசி எழுத்தில் வாங்குங்கள். ஒரு நோட்டு போடுங்கள்: பெயர், வீட்டு அடையாளம், முடிவு, போக வேண்டிய தேதி, போன தேதி, சிகிச்சை முடிந்த தேதி. போன் நம்பர் பெரும்பாலும் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும்; அதில் இதைப் பேசலாமா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன வருடத்து அந்த ஆறேழு பேரையும் இதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கிராம சுகாதாரச் செவிலியரோடு இந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய்வாருங்கள்.