ஒட்டுசுட்டானில் எழுதி ரொறன்ரோவில் சம்பாதிக்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து தமிழில் ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். நெற்செய்கை, வீட்டுத்தோட்டம், எங்கள் பக்கத்துச் சமையல் ஆகியவற்றை எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 பக்கப்பார்வைகள் கிடைக்கின்றன. பார்ப்பவர்களில் பாதிப்பேர் கனடா, இங்கிலாந்து, சுவிஸ் நாடுகளில் இருப்பவர்கள். தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். கூகுள் இரண்டு முறை நிராகரித்துவிட்டது. ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் ஒருவர் தளத்து விளம்பரத்தை மற்றவர் அழுத்தி வருமானத்தைக் கூட்டலாம் என்கிறார்கள். அமேசான் கடைப் பொருட்களுக்கான இணைப்புகளைப் போட்டுத் தரகு வாங்கினால் அதைவிட இலாபம் என்கிறார் ஒரு நண்பர். முன்பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இதை முழுநேரமாகச் செய்யலாமா?

பதில்: வேலையை விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

உங்கள் தளத்துக்கு மாதம் 9,000 பார்வைகள் வருகின்றன. ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது. கணக்குப் பார்ப்பதற்காக அமெரிக்க 50 சதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாதம் நாலரை டொலர். டொலரை 300 ரூபாவாகப் பிடித்தால் 1,350 ரூபா. கூகுளோ 100 டொலர் சேரும் வரை ஒரு சதமும் அனுப்பாது. இந்த வேகத்தில் முதற்கொடுப்பனவைக் காண 22 மாதங்களுக்கு மேல் ஆகும். முன்பள்ளிச் சம்பளம் சொற்பம்தான், ஆனாலும் அது மாதா மாதம் கைக்கு வருகிறது.

இந்த 50 சதம் ஏன் சிலருக்கு 20 ஆகிறது, சிலருக்கு இரண்டு டொலராகிறது? ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் அந்த வாசகரின் கண்ணில் படுவதற்கு விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கிறார்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்காக வங்கியும் காப்புறுதி நிறுவனமும் வீடு விற்பவரும் போட்டி போடுவார்கள். மாங்குளத்தில் இருந்து அதே பக்கத்தைத் திறப்பவருக்காக ஏலம் கேட்க வருபவர்கள் மிகக் குறைவு. எனவே உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பதுதான் உங்கள் உண்மையான மூலதனம். அவர்கள் எந்தப் பக்கங்களுக்கு வருகிறார்கள் என்று, பார்வைகளைக் கணக்கிடும் கூகுளின் அனலிட்டிக்ஸ் கருவியில் நாடுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். யூரியா எப்போது போடுவது என்ற பக்கத்துக்கு அவர்கள் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம், ஒடியற்கூழுக்கு வந்திருப்பார்கள்.

அவர்களுக்காகச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஐரோப்பியப் பொருளாதார வலயத்திலும் இங்கிலாந்திலும் இருக்கும் வாசகர்களிடம் தரவுப் பயன்பாட்டுக்குச் சம்மதம் கேட்கும் அறிவிப்பு, கூகுள் அங்கீகரித்த கருவி ஒன்றின் வழியாகக் காட்டப்பட வேண்டும். இது 2024 ஜனவரி 16 முதல் கட்டாயம். சுவிஸுக்கு அதே ஆண்டு ஜூலை 31 முதல். அறிவிப்பு இல்லாவிட்டால் அந்த வாசகர்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட விளம்பரங்களே போகும், வருமானமும் விழும். ஆட்சென்ஸ் கணக்குக்குள்ளேயே இதற்கான இலவசக் கருவி இருக்கிறது.

அந்த வட்ஸ்அப் குழுவின் பக்கமே போகாதீர்கள். ஒரே கூட்டம் ஒரே தளங்களைச் சுற்றிச் சுற்றி வந்து விளம்பரத்தை மட்டும் அழுத்திவிட்டுப் போவதைக் கண்டுபிடிப்பது கூகுளுக்குப் பெரிய வித்தை அல்ல. பிடிபட்டால் கணக்கு மூடப்படும், சேர்ந்த பணம் விளம்பரதாரருக்குத் திரும்பிவிடும், உங்கள் பெயரில் மறுகணக்குத் திறப்பதும் பெரும்பாலும் நடவாது. இந்த விதி குழுக்களுக்கு மட்டுமல்ல. பிள்ளைக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று பாசத்தோடு தினமும் விளம்பரத்தை அழுத்தும் கனடா மாமாவும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவருகிறார். அவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். தவிர, 2024 முதல் ஆட்சென்ஸ் முக்கியமாகக் காட்சிக்கே பணம் தருகிறது. அழுத்தலை எண்ணிக்கொண்டிருப்பது பழைய பழக்கம்.

இனி, ஏன் நிராகரித்தார்கள்? மொழி காரணமல்ல. ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது. நிராகரிப்புக் கடிதத்தில் உள்ளடக்கத்தின் பெறுமதி குறைவு என்று இருந்திருந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் பிற இடங்களிலிருந்து எடுத்து ஒட்டிய பக்கங்கள்: வானிலை அறிவிப்பு, குளத்து நீர்மட்டம், செய்தித்தாள் துணுக்கு, இயந்திரம் மொழிபெயர்த்த உரக்குறிப்பு. இவற்றை நீக்கிவிடுங்கள். நீங்கள் நின்று பார்த்ததை எழுதிய பக்கங்கள் மட்டும் இருக்கட்டும். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் கடைசி வாய்க்காலுக்கு வந்துசேர எத்தனை நாள் எடுக்கிறது, எந்த வயலில் எந்த இனம் மழைக்குச் சாய்ந்தது என்பதையெல்லாம் உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை. தளத்தை யார் நடத்துகிறார், எப்படித் தொடர்புகொள்வது, தனியுரிமைக் கொள்கை என்ன என்பதற்கும் பக்கங்கள் தேவை. துப்புரவாக்கி ஓரிரு மாதம் புதிதாக எழுதிய பிறகு விண்ணப்பியுங்கள். அடுத்த நாளே மீண்டும் விண்ணப்பிப்பதில் பயனில்லை.

அமேசான் விடயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி. வாசகர் உங்கள் இணைப்பை அழுத்தி 24 மணித்தியாலத்துக்குள் பொருளை வாங்கினால் உங்களுக்குத் தரகு உண்டு. அமெரிக்கக் கடையில் சமையலறைப் பொருட்களுக்குத் தரகு 4.5 வீதம் அளவில் இருக்கிறது. 20 டொலர் இடியப்ப உரல் ஒன்று விற்றால் 90 சதம். மேலே போட்ட கணக்கின்படி 1,800 பார்வைக்கு ஆட்சென்ஸ் தருவது இவ்வளவுதான். ஆனால் சிக்கல் இருக்கிறது. கனடாவில் இருப்பவர் கனடாக் கடையில்தான் வாங்குவார். அமெரிக்கக் கடைக்கான இணைப்பு மட்டும் இருந்தால் உங்களுக்கு ஒன்றும் வராது. அந்தந்த நாட்டுத் திட்டத்தில் தனித்தனியாகச் சேர்ந்து, வன்லிங்க் என்ற வசதியால் அவற்றை இணைக்க வேண்டும். சேர்ந்த 180 நாட்களுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீங்களோ வீட்டாரோ வாங்கியது அந்த மூன்றில் சேராது.

எனவே நாற்பது பொருட்களைக் கடை பரப்ப வேண்டாம். உங்கள் புட்டுப் பக்கத்தில் ஒரு புட்டுக்குழல், இடியப்பப் பக்கத்தில் ஓர் உரல் போதும். நீங்கள் கையாண்ட வகையாக இருக்கட்டும், அதன் குறையையும் எழுதுங்கள். கைப்பிடி சூடேறும் என்று சொல்பவரின் பேச்சை நம்பித்தான் வாசகர் காசு கொடுப்பார். வாங்கினால் எனக்குத் தரகு கிடைக்கும் என்ற வரியைப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே போட்டுவிடுங்கள், அது திட்டத்தின் நிபந்தனையும்கூட.

சொந்த ஊர் வாசகர்களான மற்றப் பாதிப்பேரை வைத்து என்ன செய்வது? இங்கே கூகுளை விட நீங்கள் கெட்டிக்காரி. கிளிநொச்சி விதைநெல் வியாபாரி, முள்ளியவளையில் நாற்றுமேடை வைத்திருப்பவர், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் திருத்துபவர், நெல் வெட்டும் இயந்திரம் வாடகைக்கு விடுபவர் ஆகியோருக்குத் தேவை உங்கள் வாசகர்தான். காலபோக விதைப்புக்கு முன், ஆவணி கடைசியிலேயே விதைக்காரரிடம் போங்கள். வெட்டு இயந்திரக்காரரிடம் மார்கழியில் போங்கள். மாதம் 2,000 ரூபா கேட்டு ஒருவர் சம்மதித்தாலே ஆட்சென்ஸை முந்திவிடுவீர்கள். பார்வைக் கணக்கை அச்செடுத்துக் கொண்டுபோனால் பேரம் சுலபம். விளம்பரம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். களைநாசினி விற்பவரின் விளம்பரத்தை வேறெங்கு போட்டாலும் களை கட்டுப்படுத்தும் பக்கத்தில் போடாதீர்கள். நாளைக்கு அந்த மருந்து கேட்காவிட்டால் கமக்காரர் உங்களைத்தான் கேட்பார்.

பணம் கைக்கு வரும் வழியில் நம் பக்கத்தில் இடறுவது இரண்டு விடயங்கள். முதலாவது தபால். வருமானம் 10 டொலரை எட்டியதும் கூகுள் ஓர் இரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்பும். வழக்கமாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரவேண்டும். நான்கு மாதத்துக்குள் அதைப் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். வீட்டிலக்கம் இல்லாத முகவரிகள் வன்னியில் ஏராளம். அப்படியானால் வீதி, கட்டை, உப தபாலகம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, வெள்ளை உறையில் ஒரு கடிதம் வரும் என்று தபாலதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாவது பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முழுமையாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மட்டும் இருக்கும், கலியாணத்துக்குப் பின் திறந்த கணக்கில் கணவர் பெயர் இருக்கும். ஆட்சென்ஸில் எழுதும் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பணம் வந்த வழியே திரும்பும். விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய் இதைச் சரிசெய்து, வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, வெளிநாட்டுப் பணம் வந்துசேர வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீட்டையும் வாங்கி வாருங்கள். ஒவ்வொரு தடவை பணம் வரும்போதும் வங்கிகள் கட்டணம் வெட்டும். அதனால் 100 டொலருக்கே எடுக்காமல், கொடுப்பனவு எல்லையை 200, 300 என்று உயர்த்தி வைப்பது இலாபம்.

வரியைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு விலக்கு இருக்கிறது. அதற்கு மேல் போனாலும், சேவை ஏற்றுமதியாக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியே வரும் வருமானத்துக்கு அதிகபட்சம் 15 வீதம்தான். கொடுப்பனவுப் பற்றுச்சீட்டுகளை மட்டும் முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள்.