பெண்டுலம் உங்கள் கையில் சுற்றுகிறது, மனைவி கையில் ஏன் அசையவில்லை?

கேள்விக்குப் பதில் சொல்லும், நிலத்தடி நீரைக் காட்டும் என்று நம்பி, நூலில் சிறு எடையைக் கட்டிப் பிடிப்பதுதான் பெண்டுலம். அதைச் சுற்றவைப்பது உங்கள் விரல்கள்தான். கடலூர் சில்வர் பீச்சில் உங்கள் கையில் சுற்றியது மனைவி கையில் சும்மா நின்றது என்றால், அவரிடம் குறை ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் போகும் என்று மனம் எதிர்பார்த்தாலே போதும், நமக்கே தெரியாமல் தசை இம்மியளவு அசையும். நூலின் முனையில் அது பெரிய வட்டமாகிவிடும். அவர் அப்படி எதிர்பார்க்காமல் பிடித்திருக்கலாம். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1833-லேயே இதை எழுதிவிட்டார். கண்ணைக் கட்டியதும் ஷெவ்ரல் கையிலும் ஆட்டம் நின்றுபோனது.

இரவு அறைக்குப் போனதும் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள்:

1. நாற்காலிக் கையில் கட்டித் தொங்கவிடுங்கள். அசையாது.
2. அப்புறம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிடியுங்கள், மனைவி பார்த்துச் சொல்லட்டும்.

கடற்கரையிலோ ஓடும் காரிலோ சோதிக்காதீர்கள். காற்றும் குலுக்கலுமே ஆட்டிவிடும்.

அடுத்து பிச்சாவரமா தரங்கம்பாடியா என்று இருவரும் அதைக் கேட்டு முடிவு செய்யுங்கள், இரண்டுமே அருமையான இடம். ஆனால் போர்வெல்லுக்கு மட்டும் இதை நம்பி இடம் குறிக்க வேண்டாம். கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். பக்கத்துக் கிணறுகளின் ஆழத்தையும் தண்ணீரின் ருசியையும் விசாரித்துவிட்டு, நிலத்தடி நீர் ஆய்வு செய்பவரைக் கூப்பிடுங்கள்.