கடைசிப் பாகத்தை மகளிடம் கொடுப்பதா?

ஹரி பொட்டர் ஏழாம் பாகத்தைக் கேட்டு ஒன்பது வயது மகள் அழுகிறாள், இறுதிப் போரில் வரும் சாவுகளை நினைத்தால் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கொடுங்கள், ஆனால் கூட இருந்து வாசியுங்கள். முதல் அடி போரில் இல்லை. தொடக்கத்திலேயே ஆந்தை ஹெட்விக் செத்துவிடும். பிறகு ஹரிக்கு உதவும் குட்டி மாய வேலையாள் டொபி. ஹரி மந்திரமே இல்லாமல் மண்வெட்டியால் அவனுக்குக் குழி தோண்டும் இடத்தில் என் மகன் புத்தகத்தை மூடிவிட்டான். இங்கே திருகோணமலை டச் பே கடற்கரையில் இருட்டும்வரை இருவரும் பேசாமல் நடந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவனே மீண்டும் திறந்தான். இரவில் மட்டும் வேண்டாம். பின்னேரம் தேத்தண்ணியோடு ஓர் அத்தியாயம் போதும். ஹரியின் நண்பன் ரொனின் அண்ணன் பிரெட் சாகும் பக்கத்தை நீங்கள் முன்பே தனியாக வாசித்து வையுங்கள், அவளுக்கு வாசிக்கும்போது குரல் உடையாமல் இருக்கும்.