சங்கு ஊதும் ஜாஸ்காரர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், அமெரிக்காவில் ஸ்டீவ் டுரே என்றொரு டிராம்போன் (குழாயை இழுத்து ஊதும் பித்தளை வாத்தியம்) கலைஞர் ஜாஸ் கச்சேரியில் சங்கும் ஊதுகிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே. சரி, இந்த முறை மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அவருக்கே இடம்.

சங்கு எங்கள் ஊர்ச் சரக்கு சார். கோயிலில் ஊதுவார்கள், சாவு வீட்டில் ஊதுவார்கள். ஒரு சங்குக்கு ஒரே சத்தம்தான். அதில் எப்படிப் பாட்டு வாசிக்க முடியும்? கதை விடுகிறீர்களா? (தூத்துக்குடி)

கதை இல்லை. ஆனால் நீங்கள் சொன்னதும் சரிதான், சும்மா ஊதினால் ஒரு சங்குக்கு ஒரு சுரம்தான். அதற்கு டுரே இரண்டு வேலை செய்கிறார். பெரிதும் சிறிதுமாகப் பல சங்குகளை மேடையில் பரப்பி வைத்துக்கொண்டு, பெரியதில் கீழ்ச்சுரம், சிறியதில் மேல்சுரம் என்று பாட்டின் நடுவிலேயே ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். அதோடு சங்கின் வாய்க்குள் கையை நுழைக்கிறார். கை உள்ளே போகப் போகச் சுருதி இறங்கும், வெளியே வர வர ஏறும். அந்தக் கை அசைவிலேயே ஒரு சங்கில் சில சுரங்களை வரவழைத்துவிடுகிறார். ஊதும் முறை உங்கள் ஊர் முறையேதான்: நுனியை வெட்டி, அந்தத் துளையில் வாயை வைத்து, உதடு துடிக்க ஊதுவது. டிராம்போனிலும் உதட்டுக்கு அதே வேலைதான் என்பதால் அவருக்கு அது வேற்று வாத்தியமாகத் தெரிந்திருக்காது.

இது அவருக்கு வந்த வழி கொஞ்சம் சுவையானது. 1948இல் ஒமாஹாவில் பிறந்து, சான் பிரான்சிஸ்கோ பக்கம் வளர்ந்தவர், மெக்சிகோ வம்சாவளி. இளம் வயதிலேயே ரஹ்சான் ரோலண்ட் கிர்க்குடன் வாசிக்கும் வாய்ப்பு கிடைத்தது. கிர்க் கண்பார்வை இல்லாதவர், ஒரே நேரத்தில் மூன்று ஊதுவாத்தியங்களை வாயில் வைத்து வாசிக்கிற அசுரன். அந்த மனிதர் மேடையில் ஒரு சங்கையும் எடுத்து ஊதுவார், நீளமாக ஒற்றைச் சுரம், அவ்வளவுதான். டுரேயை அது பிடித்துக்கொண்டது. பிற்பாடு டிரம்பெட் கலைஞர் வுடி ஷாவின் குழுவோடு மெக்சிகோ நகரத்துக்குப் போனபோது, அங்கிருந்த உறவினர்கள் "நம் முன்னோரும் சங்கு ஊதியவர்கள்தானே" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் அதை விடவே இல்லை.

1993இல் வந்த 'சாங்டிஃபைடு ஷெல்ஸ்' என்ற ஆல்பத்தில் ராபின் யூபாங்க்ஸ், கிளிஃப்டன் ஆண்டர்சன் போன்ற மற்ற டிராம்போன்காரர்கள் கையிலும் சங்கைக் கொடுத்து ஒரு கோஷ்டியாகவே ஊத வைத்தார். தனியாக ஒருவர் ஊதும்போது 'அட' என்று தோன்றும், அது வேடிக்கைதான். நாலைந்து சங்கு வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து, கீழே தாள வாத்தியங்கள் ஓடும்போதுதான் இது விளையாட்டில்லை என்று புரிகிறது. பித்தளையின் கூர்மை இல்லாமல், மூச்சும் காற்றும் கலந்த உருண்டையான ஒலி.

டிராம்போனில் சாவியே இல்லை, குழாயை இழுத்துத்தான் வாசிக்கிறார்கள். அப்படியானால் சுரத்தை வளைத்து அசைக்கும் கமகத்துக்கு அதைவிட வசதியான மேல்நாட்டு வாத்தியம் இருக்க முடியாதே? (வயலின் மாணவி, திருச்சி)

பாதி சரி. சாதாரண டெனர் டிராம்போனை நிமிர்த்தினால் சுமார் ஒன்பது அடிக் குழாய். வெளியே நகரும் பகுதிக்கு ஏழு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே அரைச்சுர வித்தியாசம். ஆக ஒரே இழுப்பில் ஆறு அரைச்சுரம், உங்கள் கணக்கில் ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரை. அந்த எல்லைக்குள் என்ன வளைவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பஞ்சமத்துக்குப் போக வேண்டுமென்றால் உதட்டை இறுக்கி அடுத்த படிக்கு (குழாய் நீளத்தை மாற்றாமல் உதட்டாலேயே வரும் அடுத்த மேல்சுரத்துக்கு) தாவ வேண்டும், கோடு அங்கே அறுந்துவிடும். உங்கள் வயலினில் ஒரே தந்தியில் விரலை மேலே வரை வழுக்கிக்கொண்டு போகலாமே, அந்தச் சுகம் இதில் இல்லை. இன்னொன்று, வேகம். முதல் நிலையிலிருந்து ஏழாவது நிலைக்குக் கை ஏறக்குறைய இரண்டு அடி போக வேண்டும். மின்னல் வேகத்தில் ஓடும் பிருகாவை நினைத்துப் பாருங்கள். மேல் ஸ்தாயியில் படிகள் நெருங்கி வருவதால் ஒரே சுரத்தை வேறு வேறு நிலைகளில் பிடிக்கலாம், அங்கே கொஞ்சம் பிழைக்கலாம்.

ஜாஸ்காரர்களுக்கும் இதே தலைவலிதான். நியூ ஆர்லியன்ஸில் ஆரம்ப காலத்தில் டிராம்போனின் வேலையே அந்த இழுப்புதான், மற்றவர்கள் வாசிப்பதற்கு அடியில் சறுக்கி சறுக்கி நிரப்புவது. 1940களில் பீபாப் என்கிற புது ஜாஸ் பாணி வந்து பாட்டெல்லாம் நெருப்பு வேகத்தில் ஓட ஆரம்பித்ததும், இந்த வாத்தியம் இனி தேறாது என்கிற நிலை. அப்போது ஜே. ஜே. ஜான்சன் வந்து சறுக்கலை அடியோடு மறைத்து, ஒவ்வொரு சுரத்தையும் மணி மணியாக, டிரம்பெட் வேகத்தில் வாசித்துக் காட்டினார். இசைத்தட்டில் கேட்டவர்கள் இது இழுக்கிற டிராம்போன் இல்லை, சாவி வைத்த டிராம்போன் என்றே நினைத்தார்களாம். அதற்குப் பிறகு வந்த தலைமுறைக்கு இழுப்பு என்பது சர்க்கஸ் சமாசாரம் ஆகிவிட்டது, கொஞ்சம் கேவலம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

டுரேயிடம் எனக்குப் பிடித்தது இங்கேதான். ஜான்சன் வழிச் சுத்தமும் வேகமும் அவரிடம் முழுசாக இருக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய இழுப்பு, உறுமல், அழுகை எதையும் அவர் தூக்கிப் போடவில்லை. ஒரே தனி ஆவர்த்தனத்தில் இரண்டும் வரும்.

டிராம்போன்காரர்கள் கழிவறை அடைப்பு எடுக்கிற ரப்பரை வைத்து வாசிக்கிறார்கள் என்று என் மகன் சொல்கிறான். நிஜமா? (ஈரோடு)

நிஜம். குச்சியைக் கழற்றிவிட்டு ரப்பர் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொள்வார்கள். (புதிதாக வாங்கியது, கவலை வேண்டாம்.) வாத்தியத்தின் அகன்ற வாய்க்கு முன்னால் அதை மூடித் திறக்கும்போது 'வா வா' என்று பேசுகிற மாதிரி ஒலி வரும். ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் குழுவில் இருந்த டிரிக்கி சாம் நாண்டன் இதில் மன்னர், அவர் 1946இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று அந்தக் கலையைக் கையில் வைத்திருக்கும் சிலரில் டுரேயும் ஒருவர்.

இவ்வளவு பெரிய ஆள் என்றால் ஏன் யாருக்கும் தெரியவில்லை? (மதுரை)

அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள், பெயர் தெரியாமல். 'சாட்டர்டே நைட் லைவ்' என்கிற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியின் வாத்தியக் குழுவில் 1980களின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் உட்கார்ந்திருக்கிறார். வாரக் கடைசியில் அது, மற்ற நாட்களில் ஜாஸ், அதோடு ஜூலியார்டு போன்ற இசைக் கல்லூரிகளில் பாடம். டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகையின் வாக்கெடுப்புகளில் டிராம்போனுக்கு மட்டுமல்ல, 'இதர வாத்தியம்' என்ற பிரிவில் சங்குக்காகவும் திரும்பத் திரும்பத் தேர்வாகியிருக்கிறார். ஆக ஜாஸ் உலகத்துக்குள் அவரைத் தெரியாதவர் கிடையாது.

ஆனாலும் நீங்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் நெடுங்காலம் பக்கவாத்தியக்காரராகவே இருந்தார். 1972இல் பாடகர் ரே சார்ல்ஸின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். அடுத்த வருடம் வுடி ஷா அவரை டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கியின் 'ஜாஸ் மெசஞ்சர்ஸ்' குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், அது ஒரு குருகுலம், அங்கே தேறியவர்கள் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது. அப்புறம் வுடி ஷாவின் சொந்தக் குழு, மெக்காய் டைனரின் பெரிய குழு, டிஸி கில்லெஸ்பியின் யுனைடெட் நேஷன் ஆர்கெஸ்ட்ரா, லெஸ்டர் போவியின் பிராஸ் ஃபேண்டஸி. தன் பெயரில் ஆல்பம் போட ஆரம்பித்தது 1980களின் பிற்பகுதியில், நாற்பது வயதை ஒட்டி. இன்றைக்கு இருபத்திரண்டு வயதுப் பையன்கள் மூன்று ஆல்பம் போட்டுவிட்டு நிற்கிறார்கள், அவர்களோடு ஒப்பிட்டால் இது தாமதம்தான், ஆனால் கேட்டுப் பார்த்தால் அந்தப் பதினைந்து வருடம் எங்கே போயிற்று என்று தெரியும்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? நான்கைந்து பெயர் மட்டும் சொல்லுங்கள், பெரிய பட்டியல் வேண்டாம். (கோவை)

எல்லோரும் சங்கில் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன்.

முதலில் அவர் தலைவராக இல்லாத ஒன்று: வுடி ஷாவின் 'தி மூன்டிரேன்', 1974 கடைசியில் பதிவானது. அதில் 'சந்நியாஸ்' என்று ஒரு நீண்ட பாட்டு, எழுதியது அப்போது இருபத்தாறு வயதிலிருந்த டுரே. அதைக் கேட்டுவிட்டு நேராக 2024இல் அவர் பெயரில் வந்த ஆல்பத்துக்கு வாருங்கள், அதன் தலைப்பும் 'சந்நியாஸ்'தான். நியூயார்க்கில் உள்ள ஸ்மோக் என்ற சிறிய ஜாஸ் கூடத்தில் நேரடியாகப் பதிவானது. நிக்கலஸ் பேட்டன் டிரம்பெட், பஸ்டர் வில்லியம்ஸ் பேஸ், லென்னி ஒயிட் டிரம்ஸ். பஸ்டர் வில்லியம்ஸ் அந்தப் பழைய ஆல்பத்திலும் இருக்கிறார். எழுபத்தைந்தைத் தாண்டிய மனிதரின் உதடு இளவயதில் இருந்த மாதிரி இருக்காது, சில இடங்களில் அது தெரியவும் செய்கிறது. ஆனால் எந்தச் சுரத்தை விட்டுவிடலாம் என்பது இப்போது அவருக்கு நன்றாகத் தெரிகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் எழுதுவதைவிட அதிகம் புரியும்.

அடுத்து, 2000இல் வந்த 'இன் தி ஸ்பர் ஆஃப் தி மொமென்ட்'. மூன்று பியானோ கலைஞர்கள் பங்கு போட்டுக்கொண்டு வாசிக்கும் ஆல்பம்: ரே சார்ல்ஸ், கியூபாவின் சூச்சோ வால்டேஸ், ஸ்டீபன் ஸ்காட். முன்பு தனக்குச் சம்பளம் கொடுத்த ரே சார்ல்ஸை இருபத்தெட்டு வருடம் கழித்துத் தன் ஆல்பத்தில் பியானோ வாசிக்கக் கூப்பிடுவது எவ்வளவு பேருக்கு வாய்க்கும்? அவரும் பாடகராக இல்லாமல் வெறும் பியானோக்காரராக வந்து புளூஸ் வாசித்துக் கொடுத்திருக்கிறார். 'டிஎன்டி' என்று 2001இல் ஒன்று, டெனர் சாக்ஸஃபோனோடு டிராம்போன் மோதுவதுதான் விஷயம், ஜேம்ஸ் கார்ட்டரும் டூயி ரெட்மனும் டேவிட் சாஞ்செஸும் வருகிறார்கள். சத்தமும் கும்மாளமும் பிடித்தவர்களுக்கு இது.

மெதுவான பாட்டு பிடித்தால் 'தி வெரி தாட் ஆஃப் யூ', 2018. கென்னி பாரன் பியானோ. அவருடைய ஆல்பங்களில் நான் அடிக்கடி எடுப்பது இதைத்தான். டிராம்போனின் சுருதி மனிதக் குரலின் எல்லைக்குள் வருகிறது, அவசரமில்லாமல் வாசித்தால் ஒரு ஆண் பாடுகிற மாதிரியே இருக்கும். டுரே இதில் அவசரப்படவே இல்லை.

அவருடைய ஆல்பங்களின் தலைப்புகளைப் பார்த்தாலே ஒன்று தெரியும், மனிதர் வாழ்நாள் முழுக்கக் கடன் அடைத்துக்கொண்டே இருக்கிறார். 'தி ஸ்பிரிட்ஸ் அப் அபவ்' கிர்க்குக்கு, 'ஒன் ஃபோர் ஜே' ஜே. ஜே. ஜான்சனுக்கு, 'வுடீஸ் டிலைட்' வுடி ஷாவுக்கு. 'தி போன்ஸ் ஆஃப் ஆர்ட்' என்பதில் பிளேக்கியிடம் வாசித்த நான்கு டிராம்போன்காரர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். இப்படி அஞ்சலி ஆல்பங்களாகப் போட்டால் சொந்தக் குரல் என்னாவது என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அந்தக் குறை கிடையாது. 2022இல் வந்த 'ஜெனரேஷன்ஸ்' ஆல்பத்தில் கதை திரும்பியது, டிரம்பெட் கலைஞர் வாலஸ் ரோனியின் மகன், டிரம்ஸ் வாசிக்கும் தன் சொந்த மகன் ஓரியன், இன்னும் சில இளைஞர்கள் என்று சேர்த்துக்கொண்டு வாசித்தார்.

டிராம்போன் என்றால் இன்றைக்கு டிராம்போன் ஷார்ட்டிதானே? (சென்னை, கல்லூரி மாணவர்)

கூட்டம் சேர்ப்பதில் அவர்தான். நியூ ஆர்லியன்ஸின் ட்ரெமே பகுதியில் பிறந்த டிராய் ஆண்ட்ரூஸ், பிறந்த வருடம் 1986, தெரு ஊர்வலத்தில் வளர்ந்தவர், 2010இல் வந்த 'பேக்கடவுன்' ஆல்பம் அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. ராக், ஃபங்க், எல்லாம் கலந்து ஆட வைப்பவர். டுரே உட்கார வைப்பவர். இரண்டு பேரையும் ஒரே தராசில் போடாதீர்கள், மனநிலையைப் பொறுத்துக் கேளுங்கள்.

என் பேரனுக்குப் பத்து வயது. ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு டிராம்போன் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா ஐயா? (பாளையங்கோட்டை)

கொடுக்கலாம் அம்மா, ஆனால் உடனே பித்தளை வாங்கிவிடாதீர்கள். அந்த வயதில் கை முழுக்க நீளாது, ஏழாவது நிலையும் பெரும்பாலும் ஆறாவதும் எட்டாது. அது பரவாயில்லை, முதல் நான்கைந்து நிலைகளிலேயே நிறைய பாட்டு வரும். பிபோன் என்று பிளாஸ்டிக்கில் ஒன்று கிடைக்கிறது, எடை குறைவு, கீழே போட்டாலும் நசுங்காது, விலையும் பித்தளையைவிட ரொம்பக் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் தேடினால், பாட்டு வாத்தியாரைவிட உங்கள் பக்கத்துச் சர்ச் பேண்டிலோ போலீஸ் பேண்டிலோ வாசித்து ஓய்வு பெற்றவரைக் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதம் வீட்டில் எருமை கத்துகிற மாதிரி இருக்கும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.