நேற்று இல்லாத ஒளிப்புள்ளி

கேள்வி: பக்கத்து விண்மீன் மண்டலத்தில் ஒரு விண்மீன் வெடித்ததை, அத்தனை கோடி விண்மீன்களுக்கு நடுவே எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுத்தான். முன்பு இல்லாத ஒளிப்புள்ளி தென்பட்டால், அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து, வெடிப்புதானா என்று உறுதி செய்வார்கள். இன்று இந்த ஒப்பீட்டைப் பெரும்பாலும் கணினிகள் செய்கின்றன. ஆயினும், என் மனத்தை விட்டு அகலாத கண்டுபிடிப்பு கண்ணால் நிகழ்ந்ததுதான்.

1987 பிப்ரவரி 24 அன்று இரவு, சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் வானாய்வகத்தில், கனடாவைச் சேர்ந்த இயன் ஷெல்டன், பெரிய மெகல்லன் மேகம் என்னும் நம் அண்டை மண்டலத்தை மூன்று மணி நேரம் படமெடுத்து, அந்தக் கண்ணாடித் தகட்டை இருட்டறையில் கழுவி எடுத்தார். அதிலுள்ள டரான்டுலா நெபுலா என்னும் வாயு மேகத்தின் அருகே பெரியதொரு புள்ளி இருந்தது. தகட்டில்தான் ஏதோ குறையோ என்று ஐயுற்றவர், வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெறுங்கண்ணுக்கே அது தெரிந்தது. அங்கே தொலைநோக்கியை இயக்கிவந்த ஆஸ்கார் டுஹால்டேவும் அதே இரவில் சற்று முன்னதாகவே அதைக் கண்டிருந்தார். எஸ்என் 1987ஏ என்று பெயர் பெற்ற அந்தச் சூப்பர்நோவாதான் (விண்மீன் வெடிப்புதான்), 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணால் எளிதில் காண முடிந்த முதல் சூப்பர்நோவா.

ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டுத் தொலைவில் இருந்த அந்த விண்மீனின் கரு தன் எடை தாளாமல் உள்நோக்கி இடிந்து விழுந்தபோது பிறந்த நியூட்ரினோக்கள் என்னும் மிக நுண்ணிய துகள்கள், எதிலும் தடைபடாமல் உடனே வெளியேறிவிட்டன. அந்த இடிவால் எழுந்த அதிர்ச்சி அலையோ விண்மீனின் மேற்பரப்பை எட்டி அதனை ஒளிரச் செய்யச் சில மணி நேரம் ஆயிற்று. ஆகவே ஒளி வருமுன்பே ஜப்பான், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நாடுகளின் நிலத்தடிக் கருவிகளில் சுமார் 25 நியூட்ரினோக்கள் பதிவாகியிருந்தன. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் விண்மீனின் கரு இவ்வாறுதான் இடிகிறது என்று காகிதத்தில் மட்டும் இருந்த கணக்குக்கு அவை நேரடிச் சான்றாயின.

கேள்வி: ஆய்வகம் இல்லாத ஆர்வலர்களுக்கு இதில் இடமுண்டா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: நிச்சயமாக உண்டு. அதே 1987ஏ-வை, ஷெல்டனின் செய்தியை அறியாமலே, நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்டார். ஒளி மாறும் விண்மீன்களை வாழ்நாள் முழுவதும் கண்ணால் அளந்து, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைச் செய்த ஆர்வலர் அவர். அந்த வானப் பகுதி அவருக்குத் தம் வீட்டு முற்றம் போலப் பழக்கமானது. 2023 மே மாதம், சப்தரிஷி விண்மீன் கூட்டத்தின் திசையில் சுமார் 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள எம்101 மண்டலத்தில் வெடித்த விண்மீனை முதலில் அறிவித்தவரும் ஜப்பானிய ஆர்வலர் கோயிச்சி இடகாகிதான்.

நீங்களும் தேட விரும்பினால், சில மண்டலங்களை மட்டும் தேர்ந்து, தெளிந்த இரவுகளிலெல்லாம் படமெடுத்து வாருங்கள். புதிய புள்ளி தெரிந்தவுடன் அறிவித்துவிடாமல், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் படமெடுங்கள். புள்ளி இடம் பெயர்ந்திருந்தால் அது நம் சூரியக் குடும்பத்துச் சிறுகோளாக இருக்கும்.