கிடை நாயும் வாசல் நாயும்: கால்நடை மருத்துவரின் பதில்கள்

ஐயா, செம்மறிக் கிடை வைத்திருக்கிறேன். கிடா அறுக்கும்போது ஈரலில் நீர்க்கட்டி இருந்தால் நாய்க்குப் போட்டுவிடுவோம். அதற்கு ஏதும் ஆகுமா?

நாய்க்கு ஒன்றும் ஆகாது, உங்கள் வீட்டாருக்குத்தான் ஆகும். அந்தக் கட்டிக்குள் இருப்பவை நாடாப்புழுவின் இளம் தலைகள். நாய் தின்றால் ஆறேழு வாரத்தில் அதன் குடலில் வளர்ந்து முட்டை வெளியேறத் தொடங்கும். புழுவே 2 முதல் 7 மில்லிமீட்டர்தான், அதனால் மலத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. முட்டை நாயின் ரோமத்திலும் கீரைப் பாத்தியிலும் ஒட்டியிருக்கும். நம் வாய்க்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ அதே கட்டி வரும். பல வருஷம் வலியே இருக்காது. உள்ளே உடைந்தால் கடும் ஒவ்வாமையில் உயிர்கூடப் போகலாம்.

கட்டியுள்ள ஈரலை எரித்துவிடுங்கள், அல்லது முக்கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். மேலாகப் புதைத்தால் ராத்திரியே நாய் தோண்டிவிடும். நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து, கிலோ எடைக்கு 5 மில்லிகிராம். 15 கிலோ நாய்க்கு 75 மில்லிகிராம், அதாவது 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றரை. மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தை அள்ளி எரிக்க வேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான அல்பெண்டசோலையே நாய்க்கும் கொடுத்தால்?

இந்த நாடாப்புழுவுக்கு அதை நம்பாதீர்கள். மாத்திரை அட்டையில் பிராசிகுவாண்டல் என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டு மாத நாய்க்குட்டியின் பல் என் பையன் கையில் பட்டுக் கீறிவிட்டது டாக்டர். ரத்தம் வரவில்லை. பால்குடிக் குட்டிதானே?

குட்டிக்கும் வெறிநோய் வரும் அம்மா. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் 0. ரத்தம் கசிந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள்ளும் சுற்றிலும் சீரம், அதாவது நோய் எதிர்ப்புப் பொருளை நேரடியாகத் தரும் ஊசி, போட வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியைக் காப்பது சீரம்தான். ‘பத்து நாள் நாயைப் பார்ப்போம், அப்புறம் ஊசி’ என்பது தலைகீழ். ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும்.

எங்கள் நாய்க்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறோம். அது கடித்தாலுமா?

ஆமாம், கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள்.

கறவை மாட்டை வெறிநாய் கடித்துவிட்டது. பாலைக் குடித்துவிட்டோமே?

காய்ச்சிய பாலால் பயமில்லை. பச்சைப் பால் வேண்டாம். கடிபட்ட மாட்டுக்கும் உடனே கழுவி, கால்நடை மருந்தகத்தில் தொடர் ஊசி போட வேண்டும். எனக்குப் பாலைவிட எச்சில்தான் கவலை. வெறி வந்த மாடு விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும், அடித்தொண்டையில் கத்தும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். விடாதீர்கள். ஏற்கெனவே விட்டவர் கையில் சிராய்ப்பு இருந்தால் அவருக்கும் ஊசி, சீரம் இரண்டும் வேண்டும்.

மணல் குவியலில் விளையாடிய பிள்ளைக்குப் பாதத்தில் கோடு கோடாக அரிப்பு. கோடு நாளுக்கு நாள் நீளுகிறது.

நாயின் கொக்கிப்புழுக் குஞ்சு தோலுக்குள் ஊர்கிறது. சொறிந்தால் சீழ் வைக்கும். மருத்துவர் தரும் மாத்திரையில் சரியாகிவிடும். மணலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள், நாய் அங்கே மலம் கழிக்காது. வீட்டில் நாய்க்குட்டிகள் இருந்தால் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே பதினைந்து நாளுக்கு ஒருமுறை குடற்புழு மருந்து, தாய்க்கும் சேர்த்து.