தேவதேவனின் இயற்கைக் கவிதைகளை எப்படி வாசிப்பது?

கவிஞர் தேவதேவன் குருவி, மரம், வெயில் என்றே எழுதுகிறார், படிக்க அமைதியாக இருக்கிறது, ஆனால் என்ன சொல்ல வருகிறார் என்று பிடிபடவில்லை எனக் கேட்டிருக்கிறீர்கள். நான் வாசிக்கும் வழியைச் சொல்கிறேன். அந்தக் குருவி எதைக் குறிக்கிறது என்று தேடாதீர்கள், அது குருவியேதான்.

இது நமக்குக் கொஞ்சம் கஷ்டம். பாட்டில் ஒரு பறவை வந்தாலே அதற்குப் பின்னால் ஒரு மனுஷ மனம் இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டோம். குறுந்தொகை 25ஆம் பாட்டில், தலைவன் தன்னைக் கூடியபோது வேறு யாரும் இல்லை, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு என்கிற நீர்ப்பறவை மட்டும்தான் இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால் தினைத்தாள் போலச் சின்னதாக, பசுமையாக இருந்தது என்பது வரை கபிலர் பார்த்திருக்கிறார். அப்படியும் அந்தக் குருகு பாட்டுக்குள் வந்தது சாட்சிக்கு வேறு யாரும் இல்லாத அவளுடைய தவிப்பைச் சொல்லத்தான்.

தேவதேவனிடம் மனிதர்தான் ஓரமாக நிற்கிறார். ஒரு கவிதையில், என் வீட்டுக்குள் வந்து ஏன் கூடு கட்டியது இந்தக் குருவி என்று கேட்கிறார், பதில் சொல்வதில்லை, குருவியின் பின்னாலேயே போய்விடுகிறார். கூட்டிலிருந்து மரம், மரத்திலிருந்து வானம். ஒவ்வொரு தாவலுக்கும் இடம் விரிந்துகொண்டே போக, கூடு இருக்கிற அந்த வீடும் சுவரோடு முடிகிற ஒன்றாக நமக்குத் தெரியாமல் போகிறது. இவரைத் தியானக் கவிஞர் என்று சொல்வார்களே, அது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மலையும் அருவியும் இல்லாத, வெயிலும் உப்பளமுமான ஊர். இயற்கையைப் பார்க்க எங்கேயோ போகவேண்டும் என்கிற எண்ணமே அவர் கவிதையில் இல்லாதது எனக்கு ரொம்பப் பிடிக்கும், வாசலில் நிற்கிற மரமே போதும் அவருக்கு.

எல்லாமே ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். பெருவெளி, பேரின்பம் மாதிரியான சொற்கள் வந்து குவிகிற இடங்களில் மரமும் குருவியும் காணாமல் போய்விடுகின்றன, அங்கே எனக்கு ஒட்டுவதில்லை. நீங்களும் தயங்காமல் தாண்டிப் போங்கள்.

அப்புறம், நிறைய எழுதியிருக்கிறார், மொத்தத் தொகுப்பை எடுத்து வரிசையாகப் படித்தால் சலிப்பு வரலாம். மரங்களைப் பற்றிய கவிதைகளில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒன்று, முடிந்தால் வாய்விட்டு.